ஏழு படிக்கு எத்தனை அடிப் பலகை

துறைமுகத்தில் எந்தச் சரக்கும் படி ஏறி நான் பார்த்ததில்லை. அரிசி மூட்டை வரும், மிளகாய் மூட்டை வரும், வைக்கோல் சுற்றி ஆள் உயரப் பெட்டியில் கண்ணாடி வரும். ஒரு தடவை எந்த பங்களாவுக்கோ போக வேண்டிய பியானோகூட வந்தது. கப்பலிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து லாரிக்கு, எங்கே உயரம் மாறுகிறதோ அங்கே ஒரு பலகையைச் சாய்த்துப் போடுவோம். சரக்கு அதன்மேல் போகும். இருபது வருஷம் அந்த வேலையைச் செய்தவன் சொல்கிறேன், ஒரு மூட்டை உளுந்துக்கு நாங்கள் கொடுத்த மரியாதையை என் தம்பிக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கொடுக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்தால் இன்னும் வயிறு எரிகிறது. எரியட்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். அப்பா சரக்குப் படகில் அடிபட்டுப் போனார். அம்மா கிடங்கில் தானியம் கூட்டிப் புடைக்கப் போனாள். பதினாலு வயதில் நான் அவள் பின்னாலேயே போய்ச் சுமை தூக்க ஆரம்பித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது மூட்டைகளின்மேல் கறுப்பு மையில் அடித்திருக்கும் ஊர்ப் பெயர்களிலிருந்து. அதற்கப்புறம் தம்பியின் புத்தகங்கள். அவன் ஒரு வருஷம் படித்து முடித்ததை அடுத்த வருஷம் நான் எடுத்துப் படிப்பேன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன், ஆனால் எனக்கு எப்போதும் ஒரு வகுப்பு மூத்தவன்.

அவனுக்கு மூன்று வயதில் ஒரு ஜுரம் வந்தது. ஜுரம் ஒரு வாரத்தில் போய்விட்டது. போகும்போது இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே சூம்பிப்போன கால்கள், இடுப்புக்கு மேலே என்னையே மல்லாத்திவிடுகிற தோள்கள். எங்கள் கும்பலின் மேஸ்திரி வண்ணாரப்பேட்டை பாய் ஒருவர். கிடங்கில் உடைந்துபோன தள்ளுவண்டியின் நாலு இரும்புச் சக்கரங்களைக் கழற்றி, ஒரு சதுரப் பலகையில் பூட்டி, தம்பிக்கு வண்டி செய்து கொடுத்தவர் அவர்தான். இரண்டு கையிலும் மரக்கட்டை பிடித்துத் தரையை உந்திக்கொண்டு போவான். ராயபுரம் சந்துகளில் அந்தச் சக்கரம் போடுகிற சத்தம் தெருக்கோடியிலிருந்து கேட்கும். எதிர்வீட்டு மீன்காரம்மா சொல்லுவாள்: "நம்ம சந்துக்குன்னே தனியா ஒரு டிராம் வுட்டுக்கீறாங்கடி."

எனக்கு மனிதர் பேச்சென்றால் பைத்தியம். யாராவது ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லிவிட்டால் மடியில் முடிந்துகொண்டு வந்துவிடுவேன். தம்பியைப் பற்றி ஊர் சொன்னதையும் முடிந்து வைத்திருக்கிறேன். மீன்காரம்மா சொன்னது ஒரு பக்க முடிச்சு. இனிமேல் சொல்லப்போகிறது மற்றப் பக்கம்.

அவனுக்குக் கணக்கில் ஆசை. ஆசை என்றால் சோற்றாசை மாதிரி. ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் சரக்கு ரயில் போனால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒவ்வொரு பெட்டி நம்பரையும் மனசுக்குள் கூட்டிக்கொண்டே வருவான். கடைசியில் கார்டு பெட்டி போனதும் மொத்தத்தைச் சொல்லுவான். சரியா தப்பா என்று சொல்ல எங்களில் யாருக்கும் தெரியாது. பாய் மட்டும் கேட்பார்: "ரயிலு திரும்பி வரச்சொல்ல கழிச்சிக்கினே வருவியாடா?"

சந்துப் பள்ளிக்கூடம் தரையோடு தரையாக இருந்ததால் அங்கே ஒரு தொல்லையும் இல்லை. உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகுதான் படி வந்தது. ஏழு படி. கருங்கல். ஏறினால் நீள வராந்தா, வராந்தாவை ஒட்டி எல்லா வகுப்புகளும். முதல் நாலு வருஷம் கூடப் படித்த பையன்கள் தூக்கினார்கள். இரண்டு பேர் கைகோத்து நாற்காலி மாதிரி செய்து, சிரித்துக்கொண்டே தூக்கிப்போய் வைப்பார்கள். ஐந்தாம் ஃபாரத்தில், இப்போது பத்தாம் வகுப்பு என்கிறார்களே அதில், ஒரு பையனின் சட்டை கிழிந்தது, அவன் வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள். அன்றைக்கே தலைமையாசிரியர் உத்தரவு போட்டார், இனிமேல் மாணவர் யாரும் அந்தப் பையனைத் தூக்கக் கூடாது, கீழே போட்டால் பள்ளிக்கூடம் பொறுப்பில்லை, பியூன்தான் தூக்க வேண்டும் என்று.

பியூன் நல்ல மனிதர், வயசானவர். மணி அடிப்பார், வருகைப் புத்தகங்களை வகுப்பு வகுப்பாகக் கொண்டு வைப்பார், தலைமையாசிரியர் அறைப் பானைக்குத் தண்ணீர் ஊற்றுவார், தபால் வாங்குவார். எல்லாம் முடிந்து இறங்கி வரப் பத்தரை ஆகும். நான் வேலைக்குப் போகிற வழியில் ஏழரைக்கே தம்பியைப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போவேன். அப்படியானால் மூன்று மணி நேரம் அவன் அந்தப் படிக்குக் கீழே. முதல் பாடம் கணக்கு. தலைக்கு மேலே ஜன்னல் வழியாக வாத்தியார் குரல் மட்டும் கேட்கும், கரும்பலகை தெரியாது. சாக்பீஸ் கிறீச்சிடுகிற சத்தத்தை வைத்து எந்த எண் எழுதுகிறார் என்று ஊகிக்கப் பழகிவிட்டதாக அவன் என்னிடம் சொன்னபோது, அதைப் பெரிய சாமர்த்தியமாகச் சொன்னான்.

ஒரு நாள் பாயிடம் அரை நாள் கேட்டுக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். சட்டையெல்லாம் போட்டுக்கொண்டுதான் போனேன். நான் கேட்டது ரொம்பச் சின்னது. மைதானத்தோரம் ஒரு ஓட்டுக் கொட்டகை இருந்தது, தரையோடு தரையாக. உடைந்த பெஞ்சும் பேண்டு வாத்தியமும் போட்டு வைத்திருந்தார்கள். அதைக் காலி செய்து அந்த ஒரு வகுப்பை அங்கே மாற்ற முடியுமா, காலி செய்கிற வேலையை எங்கள் ஆட்களே செய்து தருகிறோம் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரக்கத்தோடு பேசினார். "ஏம்பா, உன் தம்பி கெட்டிக்காரன், நான் இல்லேங்கல. ஆனா ஒரு பையனுக்காக நாப்பது பையன் எறங்கி வரணும்ங்கறியே, நியாயமா இருக்கா? தையல் கத்துக்கொடு. உக்காந்த எடத்துல செய்யற வேலையாப் பாரு."

உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை. அவர் அதை மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். நான் அந்த அறையில் இருந்த நேரம் முழுக்க அவர் எழுந்திருக்கவே இல்லை. கணக்கு வாத்தியாரும் உட்கார்ந்துதான் கணக்குப் போடுவார். இதெல்லாம் திரும்பி வரும் வழியில் தோன்றியது. அங்கே வாயிலிருந்து வந்தது "சரிங்க சார்" மட்டும்தான்.

கிடங்கில் பாயிடம் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, படி எத்தனை என்று மட்டும் கேட்டார். ஏழு என்றேன். "ஏழு படியா? மாமியார் வூட்டு சீதனமாடா அது, தொடக்கூடாதுன்றதுக்கு? ஒரு பலகைய சாச்சா அழுதுடுமா?"

ஞாயிற்றுக்கிழமை போனோம். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததால் யாரிடமும் கேட்கவில்லை. லாரிக்குப் போடுகிற ஒன்பதடிப் பலகை ஒன்று, ஓரம் உளுத்துப்போய்த் தள்ளிவைத்திருந்தது, அதை ஒழுங்கு பண்ணி எடுத்துக்கொண்டு போனோம். கால் வழுக்காமல் இருக்கக் குறுக்கே அரை அடிக்கொரு ரீப்பர்ச் சட்டம் அடித்திருக்கும், அந்த மாதிரிப் பலகை. படியின்மேல் சாய்த்தோம். பாய் ஒரு மணல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு கீழிருந்து மேலே போனார், பலகை அசையவில்லை. எங்கள் கும்பலில் பதினொரு பேர். ஒவ்வொருவராக மூட்டையோடு ஏறிப் பார்த்தோம். எல்லோருக்கும் திருப்தி. ஞாயிற்றுக்கிழமையும் காவலுக்கு இருந்த பியூன் ஒரு முறை வெறுமனே ஏறிப் பார்த்துவிட்டு, "இத்தினி வருஷமா எம் முட்டிக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

திங்கட்கிழமை காலையில் முதல் மணி அடிக்கும்போது தம்பி வகுப்புக்குள் இருந்தான். தூக்கத்தானே கூடாது, தள்ளக் கூடாதென்று உத்தரவில் இல்லையே என்று இரண்டு பையன்கள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். தலைமையாசிரியர் பலகையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனாராம். நாலு நாள் அப்படிப் போயிற்று. அந்த நாலு நாளும் வீட்டுக்கு வந்து அவன் பேசின பேச்சு இருக்கிறதே, அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "போதும் நைனா, சோத்த துன்னு, அல்ஜிப்ரா எங்கியும் ஓடிப்பூடாது" என்றாள்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாலு நாளும் இறங்கும்போது வண்டியைப் பிடித்துக்கொண்ட பையன்கள் அன்றைக்குக் கடைசி மணி அடித்ததும் பந்தாட ஓடிவிட்டார்கள். நாமே இறங்கிவிடலாம் என்று தம்பி வண்டியைப் பலகைக்குத் திருப்பினான். லாரிப் பலகையின் சரிவு அது. வண்டி பிடித்து இழுக்க ஆரம்பித்தது, குறுக்கு ரீப்பரில் சக்கரம் தூக்கித் தூக்கிப் போட்டது, பாதியில் அவனை எறிந்துவிட்டது. காறை எலும்பு முறிந்தது. நெற்றியில் தையல்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் குந்தி உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "ஏறச்சொல்ல மட்டும் பாத்தோம்டா. நம்ப எறங்கச்சொல்ல தோள்ல துண்டுதான கீது."

அதுதான் நாங்கள் செய்த தப்பு. சுமையோடு ஏறுவோம், வெறும் ஆளாக இறங்குவோம். இறங்குகிற பலகையை நாங்கள் பலகையாகவே எண்ணினது கிடையாது. ஆளுக்கொரு தரம் ஏறிப் பார்த்தோமே, இந்தச் சுமை சாயங்காலம் திரும்பவும் இறங்கும் என்று பதினொரு தலையில் ஒரு தலைக்கும் உறைக்கவில்லை. பாய்க்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்து அவரைக் கொன்றது. எண்ணெய்ப் பீப்பாய் இறக்கும்போது நாங்கள் நீளச் சட்டம் போட்டு, சரிவைக் குறைத்து, மெதுவாகத்தான் உருட்டுவோம். "பீப்பாக்குத் தெரிஞ்சது, புள்ளைக்கித் தெரியலியே" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் தப்பை நாங்கள் ஒரு நாளும் மறைக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிற இப்போதும் மறைக்கவில்லை.

ஆனால் தலைமையாசிரியருக்கு அந்த விழுகை நல்லதாகப் போயிற்று. பலகை பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே சாக்கடையோரம் கிடந்தது. இதற்குத்தான் அன்றைக்கே சொன்னேன் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். அவர் அன்றைக்குச் சொன்னது இது இல்லை, தையல். தம்பி தோளில் கட்டோடு ஐந்து வாரம் படுத்திருந்தான். திரும்பிப் போனபோது பழையபடி வேப்பமரம், பழையபடி பத்தரை மணி. கடைசி வகுப்பான ஆறாம் ஃபாரமும் அப்படியே நடந்தது. பரிட்சைக்குப் பெயர் அனுப்புகிற சமயத்தில் இன்னொரு குண்டு விழுந்தது. காலை வருகை போதவில்லை, இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.க்கு அனுப்ப முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அன்றைக்கு வீட்டில் தம்பி அழவில்லை. சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு மாசம் மாசமாக எழுதினான். எத்தனை நாள் பள்ளிக்கூடம், எத்தனை நாள் தான் வந்தது. விழுந்து கிடந்த அந்த ஐந்து வாரமும் போன வருஷத்தோடு போயிற்று. இந்த வருஷம் அவன் தவறின நாள் ஒன்றுகூட இல்லை. சிலேட்டை என் பக்கம் திருப்பினான்.

"நான் ஒரு நாளும் லேட்டா வரலண்ணா. படிதான் லேட்டு."

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் பதினொரு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். சண்டைக்குப் போகவில்லை. வேலையிலிருந்து நேராகப் போனதால் அரை நிஜார், தலையில் கோணி, எல்லோர் தோளிலும் மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி. கொக்கியைக் கிடங்கில் வைத்துவிட்டுப் போகலாமா என்று நான் கேட்டேன். பாய் முகத்தை ரொம்ப அப்பாவியாக வைத்துக்கொண்டார். "எங்க வெக்கிறது? களவு பூடும்டா." அந்தக் கொக்கி களவு போய் நான் கேள்விப்பட்டதே இல்லை.

யாரும் ஒரு வார்த்தை உரக்கப் பேசவில்லை. வராந்தாவுக்குக் கீழே வரிசையாக நின்றோம். தலைமையாசிரியர் வெளியே வந்தார், எங்களைப் பார்த்தார், தோள்களைப் பார்த்தார். இது ஸ்ட்ரைக்கா என்று கேட்டார். இல்லை சார், தம்பி பரிட்சை எழுதணும், அதான் வந்தோம் என்றேன். அதற்குப் பிறகு எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. கேட்டுக்குள் வந்த நாளெல்லாம் வந்த நாள்தான் என்றார். பலகை போட்டுக்கொள்ளலாம் என்றார், ஆனால் தினமும் சாயங்காலம் எடுத்துவிட வேண்டும். ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே ஆள், இதே வராந்தா, இதே தம்பி. நான் சட்டை போட்டுக்கொண்டு வந்து கேட்டபோது இல்லாத நியாயம் கொக்கியைப் பார்த்ததும் வந்துவிட்டது. வெற்றி என்று எங்கள் ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அன்றைக்குத்தான் கோபம் அதிகமாயிற்று. கொக்கி தூக்குகிற அண்ணன் இல்லாத பையன் என்ன செய்வான்?

தலைமையாசிரியர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி என் முன்னால் நகர்த்தினார். கூடவே மைப் பெட்டியையும் நகர்த்தினார், கட்டைவிரலுக்கு. நான் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்துப் படித்தேன். அவருக்கு அது ஆச்சரியம். மேற்படி ஊனமுற்ற மாணவன் தன் சொந்தக் குறையினால் விழுந்து காயம்பட்டால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தது.

"இத மாத்தணும் சார்," என்றேன். "அன்னிக்கி அவன் கொறையால வுழல. பலகை குட்டை. அது எங்க கொறை."

"எல்லாம் ஒண்ணுதாம்பா. கையெழுத்துப் போடு."

"ஒண்ணு இல்ல சார்."

அவர் நிமிர்ந்தார். ஜன்னல் வழியாகப் பாய் தெரிந்தார். பிறகு அந்த வரியை அடித்து, பலகையிலிருந்து விழுந்தால் என்று எழுதினார். நான் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் பெரிய கையெழுத்து அது. இன்னும் கொஞ்சம் கோணாமல் போட்டிருக்கலாம்.

இந்த முறை பாய் முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்தார். இரண்டு பலகையைச் சேர்த்து இருபத்துநாலு அடி. நடுவே தாங்குவதற்குக் குதிரைக்கால். சக்கரம் போகிற இடத்தில் ரீப்பர் இல்லை, சக்கரம் வழுவாமல் இரண்டு ஓரமும் கட்டை. முதலில் மணல் பீப்பாயை வண்டியில் ஏற்றி மேலிருந்து கீழே விட்டுப் பார்த்தார். அது கிழவி நடக்கிற மாதிரி இறங்கி வந்து நின்றது. தினமும் காலையில் இரண்டு பேர் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் இரண்டு பேர் எடுப்பார்கள். பரிட்சை முடிகிற வரைக்கும் முறை தவறவில்லை. தம்பி தேறினான். கணக்கில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவன்தான் முதல்.

கடைசி நாள் நான் தலைமையாசிரியரிடம் சொன்னேன், பலகை இங்கேயே இருக்கட்டும் சார், வேறு பிள்ளை யாராவது வந்தால் உதவும் என்று. இந்த மாதிரி கேஸ் இனிமேல் வராது என்றார். எப்படி வரும்?

காலேஜ் பட்டணத்தின் நடுவில். டிராம் நின்றுபோய்விட்டதால் எங்கள் சந்து ரிக்‌ஷாக்காரர்தான் வண்டியையும் தம்பியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போவார். இரண்டு வருஷ இண்டர்மீடியட்டுக்குச் சேர்க்கப் போன அன்று நானும் போனேன். குமாஸ்தா மார்க்கைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். சரித்திரமும் தர்க்கமும் எடுத்துக்கொள், நல்ல பாடம் என்றார். தம்பி, தான் கணக்குக் கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னான். "கணக்கு மேல் மாடிப்பா. சரித்திரம்னா கீழ."

என்ன படிக்கிறாய் என்று கேட்கவில்லை. எந்த மாடிக்கு ஆவாய் என்றுதான் கேட்டார்கள். இந்தத் தேசத்தில் எத்தனை பேர் சரித்திரம் படித்தது அது கீழே நடந்ததால்தான் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா?

தம்பி கணக்குதான் என்றான். மாடிப்படி முப்பத்துநாலு, நடுவே ஒரு திருப்பம். பாய் வந்து பார்த்துவிட்டு, கயிற்றைப் பிரிக்காமலே மடியில் செருகிக்கொண்டார். அந்தத் திருப்பத்தில் எந்தப் பலகையும் திரும்பாது. நான் பிரின்சிபாலிடம் போய், கீழே ஒரு அறையில் கணக்கு வகுப்பு நடத்த முடியுமா என்று கேட்டேன். கணக்கு வகுப்பு எப்போதும் மேலேதான், பெரிய கரும்பலகை சுவரிலேயே பதித்தது, சரித்திரக்காரர்களை மேலே அனுப்பினால் அவர்கள் சும்மா இருப்பார்களா என்றார். யோசிக்கிறேன் என்றும் சொன்னார்.

அவர் யோசித்த இரண்டு வருஷமும் தம்பி எப்படி ஏறினான் என்று சொல்கிறேன். படியில்லாத பக்கவாசல் வழியாக உள்ளே வந்து, வண்டியைக் கீழே விட்டுவிட்டு, மாடிப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைப்பான். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துவைப்பான். இப்படி முப்பத்துநாலு முறை. பாய் கோணியை நாலாக மடித்து உட்காருமிடத்துக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார், உள்ளங்கைக்கு இரண்டு. மூன்று மாதத்துக்கொரு முறை அது தேய்ந்து நூலாகும்.

ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். அவனைத் தாண்டிப் பையன்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கெட்ட பையன்கள் இல்லை. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள், ஒருவன் செருப்பைக்கூடக் கழற்றினான், கோயிலில் அங்கப்பிரதட்சணம் பண்ணுகிறவனுக்கு ஒதுங்குகிற மாதிரி. ஒரு லெக்சரர் என் பக்கத்தில் நின்று, என்ன மன உறுதி பாருங்கள் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அந்தப் படியைப் பாருங்கள் சார் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நான் யார் என்றும் அவர் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷக் கடைசியில் காலேஜ் விழா வந்தது. கணக்கில் முதல் பரிசு தம்பிக்கு. அம்மா, நான், பாய் மூன்று பேரும் போனோம். பாய் புது லுங்கி, அம்மா அரக்குப் புடவை. மேடைக்கு நாலு படி. தம்பி பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் மேடையடிக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனான். பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் குனிந்து பார்த்தார், உடனே, நீங்கள் இருங்கள் தம்பி, நான் வருகிறேன் என்று சொல்லி இறங்கி வந்தார். பின்னாலேயே பிரின்சிபாலும் இறங்கினார். நாலு படி. நான் மூச்சு ஒன்று இழுத்து விடுவதற்குள் இறங்கிவிட்டார்கள். கொட்டகையே எழுந்து நின்று கை தட்டியது. அம்மா அழுதாள். இறங்கி வர இவ்வளவுதான் ஆகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் கண்ணால் தெரிந்தது. என் பக்கத்தில் பாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தட்டவில்லை.

விழா முடிந்ததும் பிரின்சிபால் எங்களைத் தேடி வந்தார். தம்பியோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும், காலேஜ் மலரில் போட வேண்டும், முகப்பில் மேல்படியில் நின்று எடுத்தால் கட்டடமும் நன்றாக விழும் என்றார். அவர் வாயை மூடுவதற்குள் நாலு பையன்கள் ஓடிவந்து வண்டியின் நாலு மூலையையும் பிடித்துவிட்டார்கள், தூக்க. இரண்டு வருஷம் கணக்கு வகுப்புக்குத் தூக்கிவிட வராத நாலு பேர், போட்டோ என்றதும் வந்தார்கள்.

தம்பி மரக்கட்டை இரண்டையும் தரையில் ஊன்றினான். வண்டி அசையவில்லை.

"வேணாம் சார். போட்டோவ கீழயே எடுக்கட்டும்," என்றான். குரல் உயரவில்லை. "இல்லாட்டி ஜூன் மாசம் பி.ஏ. கணக்கு கிளாஸ கீழ கொண்டாந்துட்டு, அப்புறம் மேல எடுங்க. நான் வர்றேன்."

பிரின்சிபால் சிரித்தார். நன்றாகப் பேசுகிறான் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அந்த நாலு பையன்களில் ஒருவன் மட்டும் கையை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் நாற்காலி ஒன்றைத் தரையில் கொண்டுவந்து போட்டு, அதில் பிரின்சிபால் உட்கார, பக்கத்தில் தம்பி வண்டியில் இருக்க, போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

ஜூன் மாதம் நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கணக்கு வகுப்பு மேலேயே இருந்தது. பாய் புதுக் கோணி எடுத்து மடிக்க ஆரம்பித்தார். தம்பி ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தான்.

அந்தப் போட்டோ என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, பிரின்சிபால் எவ்வளவு எளிமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லுவார்கள். நான் எழுந்துபோய், அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் தெரிகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டுவேன். படத்தில் விழுந்தது ஐந்து படி. முப்பத்துநாலு உள்ளே இருக்கிறது.